தாமதத்துக்குக் காரணம்

மேட்டுப்பாளையம் பங்கில் பெட்ரோல் போட்ட பையன்
"எந்த வருஷத்து வண்டிங்க?" என்றான்.
அறுபத்தெட்டு என்றேன்.
என்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பதினோரு வண்டிகள்.
முன்னால் டாக்டர் குழந்தைவேலுவின் டாட்ஜ்,
கல்யாண மண்டபம் ஒன்று நகர்ந்து போவதுபோல.
பிறகு ஃபியட்டுகள், ஒரு மோரிஸ்,
யாகூப்பின் அம்பாசிடர்;
அதன் டிக்கியில் மற்ற பத்து வண்டிகளின் உதிரிகள்.
கடைசியில் நானும் என் ஹெரால்டும்.
பக்கத்து இருக்கையில் தில்ஷாத்,
மடியில் வழித்தாள், கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.

கோத்தகிரியில் பத்து மணிக்குக் கொடி.
தேயிலைத் தோட்டச் சாலையில்
தனித்தனியாக, இரண்டு முறை ஏற வேண்டும்.
வேகத்துக்குக் கோப்பை கிடையாது.
இரண்டு தடவையும் ஒரே நேரம் எடுப்பவருக்குத்தான்.
"உன் குணத்துக்கு ஏத்த பந்தயம்" என்றாள்.
பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

குஞ்சப்பனை தாண்டி
முதல் கியர், இரண்டு, மறுபடி முதல்.
சூட்டு முள் சிவப்பை முகர்ந்துகொண்டிருந்த வளைவில்
வனக்காவலர் கையை உயர்த்தினார்.
சாலையோரப் பலாவின் அடியில்
ஒற்றைக் கொம்பன்.
"எல்லாரும் என்ஜினை அணைங்க."

அணைத்தால் கிளம்பாது.
கொதிக்கும் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும்,
கோபக்காரன் தொண்டையில் சொல் நிற்கிற மாதிரி.
இது பதினோரு பேருக்கும் தெரியும்.
யானைக்கும் தெரிந்திருக்கலாம்.

ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.
டாட்ஜ் மட்டும் சாவியை எடுத்த பிறகும்
நாலைந்து தரம் உதறி, முனகி, அடங்கியது.
அதன்பின் சில்வண்டு,
பாறையில் எங்கோ வடியும் தண்ணீர்,
காலடியில் பலாப்பழம் பிளக்கிற
ஈரமான ஓசை.

அதற்குப் பத்து மணி கொடி இல்லை.
சுளை, சடை, கொட்டை,
தோலில் பாதி.
தில்ஷாத் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியிருந்தாள்,
ஏனென்று அவளுக்கே தெரியாது.
முதல் பழம் ஆறு நிமிடம் பத்து நொடி.
அடுத்தது ஆறு நிமிடம் பதின்மூன்று.
"மூணே செகண்ட் வித்தியாசம்,"
என் காதுக்குள் மூச்சாகச் சொன்னாள்,
"கோப்பை இதுக்குத்தான்."

நாற்பது நிமிடம் கழித்து
கைகழுவப் போகிறவரைப்போல் அது சரிவில் இறங்கியது.
பதினோரு சாவிகள் திரும்பின.
பதினோரு இருமல்.
யாகூப் ஈரத்துணியோடு ஒவ்வொரு பானெட்டாகத் திறந்து
காய்ச்சலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு வந்தார்.
என் வண்டியருகில் நிமிர்ந்து பின்னால் பார்த்தார்:
சாலை, இறக்கம்,
அதை அடைத்துக்கொண்டு அரசுப் பேருந்து.
"ரிவர்ஸ்ல உருட்டுங்க. கடைசி வண்டி முதல்ல."

கண்டக்டர் இறங்கி விசிலடித்தார்.
பேருந்து பின்வாங்கியது, ஜன்னலெல்லாம் தலைகள்.
மலையேறிப் பந்தயம் ஓடக் கிளம்பிய நாங்கள்
முதுகுப் பக்கமாக
மலையிறங்கினோம்.
கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல்.
என்ஜின் பிடித்ததும்
பேருந்துக்குள்ளிருந்து கைதட்டல்,
அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

டாட்ஜ் கடைசிவரை கிளம்பவில்லை.
டாக்டர் அதே பேருந்தில் ஏறி,
படிக்கட்டில் நின்றபடி
எங்களையெல்லாம் முந்திக்கொண்டு போனார்.

பதினொன்றே முக்காலுக்கு
நேரக் கணக்கர் ஜெயசீலி டீச்சர் படிவத்தை நீட்டினார்.
'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
தில்ஷாத் எழுதினாள்: பலாப்பழம்.
டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"எத்தனை?" என்றார்.

என் இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில்
இருபத்தொன்பது நொடி.
என் குணத்தைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

கோப்பை மோரிஸ்காரருக்கு.
இரண்டே நொடி வித்தியாசம்.
தேநீர் மேசையில் அதை ஏழாவது தடவையாக அவர் சொன்னபோது
நானும் தில்ஷாத்தும் வர்க்கியைத் தோய்த்துக்கொண்டிருந்தோம்.
யானையை ஒரு நொடியில் ஜெயித்திருக்கிறார்.
அவரிடம் சொல்லவில்லை.